மடியில் கனமில்லை என்கிறவர்களுக்கு

அரசு ஒட்டுக்கேட்கிறது, கேமரா நடுகிறது, பட்டியல் போடுகிறது என்று பேச்செடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் எடிசனாகட்டும், ஃப்ரீமாண்டாகட்டும், ஃப்ரிஸ்கோவாகட்டும், கூடியிருக்கும் தமிழர்களிடமிருந்து அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?" வரி கட்டுகிறோம், விசா விதியை மீறவில்லை, வேலைக்குப் போய் வீட்டுக்கு வருகிறோம், பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும். இந்தக் கருத்து தவறு. அதைவிட முக்கியமாக, இந்த நாட்டில் இப்படிப் பேசக் கட்டுப்படியாகாதவர்களில் முதல் வரிசையில் நிற்பது நாம்தான்.

அவர்கள் தரப்பை அவர்களே சொல்வதுபோல முதலில் சொல்லிவிடுகிறேன். 2001 செப்டம்பர் 11 அன்று நியூ ஜெர்சி மட்டும் 700க்கும் அதிகமானவர்களை இழந்தது. காலையில் ரயிலேறி மன்ஹாட்டன் போனவர்களின் கார்கள் நிலைய வாசல்களில் நாள்கணக்கில் அப்படியே நின்றன. அதைப் பார்த்த ஓர் அரசு கண்ணை மூடிக்கொண்டு உட்கார முடியாது. யாரைக் கண்காணிக்கிறோம் என்று தண்டோரா போட்டுவிட்டுக் கண்காணிக்கவும் முடியாது. ரகசியம் இல்லாமல் உளவு இல்லை. கோடிக்கணக்கான மின்னஞ்சல்களை எந்த மனிதனும் உட்கார்ந்து படிப்பதில்லை, கணினிதான் சலிக்கிறது. மேலே நீதிமன்றம் இருக்கிறது, காங்கிரஸ் இருக்கிறது. ஊரில் ஆதாருக்குப் பத்து விரலையும் இரண்டு கண்ணையும் கொடுத்துவிட்டுத்தானே விமானம் ஏறினோம்? கூகுளுக்குக் கொடுக்காத எதை அரசு புதிதாகக் கேட்டுவிட்டது?

இவை அசட்டுத்தனமான கேள்விகள் அல்ல. படித்த, பொறுப்பான மனிதர்கள் நம்பிச் சொல்லும் வாதங்கள். அதனால்தான் வரிசையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

1. எது கனம் என்று முடிவு செய்வது யார்? மடியில் ஒன்றுமில்லை என்று சொல்லும்போது, எடை போடும் தராசு உங்கள் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

2025 வசந்தகாலத்தில் குடிவரவு அமலாக்கத் துறை ஏறத்தாழ 13 லட்சம் வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களை எஃப்பிஐ வைத்திருக்கும் குற்றத் தரவுத்தளத்தில் ஓட்டிப் பார்த்தது. சுமார் 6,400 பெயர்கள் பொருந்தின. ஆயிரக்கணக்கானவர்களின் மாணவர் பதிவு ஒரு சொடுக்கில் ரத்தானது. இந்த விவரங்களை நீதிமன்றத்தில் சொன்னது அரசுத் தரப்பேதான். மாட்டியவர்களில் எத்தனையோ பேரின் "குற்றம்" ஒரு போக்குவரத்துச் சீட்டு, அல்லது எப்போதோ தள்ளுபடியான ஒரு வழக்கு. அந்தத் தரவுத்தளத்துக்குக் கைது தெரியும். விடுதலை தெரியும் என்று சொல்ல முடியாது. நாடு முழுவதும் வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் கடைசியில் பதிவுகளைத் திருப்பித் தந்தார்கள். அதற்குள் சிலர் மூட்டை கட்டி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேகமாகக் கார் ஓட்டி அபராதமும் கட்டிவிட்ட மாணவர் தன் மடியில் கனம் இருப்பதாக நினைத்திருப்பாரா?

டெக்சாஸுக்கு வாருங்கள். ஃபோர்ட் வொர்த்துக்குத் தெற்கே ஜான்சன் கவுண்டி. 2025 மே மாதம் அங்குள்ள ஷெரிஃப் அலுவலகத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி, கார் நம்பர் பிளேட்டைப் படிக்கும் ஃப்ளாக் கேமரா வலைப்பின்னலில் ஒரு பெண்ணைத் தேடினார். தன் கவுண்டியில் மட்டுமல்ல, நாடு முழுக்க 83,000க்கும் மேற்பட்ட கேமராக்களில், கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் மாநிலங்களிலும் சேர்த்து. தேடுவதற்கான காரணமாக அவர் பதிந்தது, அந்தப் பெண் கருக்கலைப்பு செய்துகொண்டார் என்பதை. விஷயம் வெளியே வந்ததும், அவர் உயிருக்கு ஆபத்தோ என்று குடும்பம் கவலைப்பட்டதால் தேடினோம் என்றார் ஷெரிஃப். பிறகு கிடைத்த ஆவணங்களில் அது கருவின் மரணம் பற்றிய விசாரணையாகவே பதிவாகியிருந்தது. டெக்சாஸ் சட்டத்தின்படி அந்தப் பெண் மீது வழக்கே போட முடியாது என்பது வேறு கதை.

அந்தக் கேமராக்களை எதற்காக நட்டார்கள்? கார் திருட்டைப் பிடிக்க. குடியிருப்போர் சங்கங்களே சந்தா கட்டி நுழைவாயிலில் நட்டுக்கொள்கின்றன. அந்தச் சங்கக் கூட்டங்களில் "ஆமாம், வேண்டும்" என்று கை தூக்குகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. 2022 ஜூன் வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டாகக் கருக்கலைப்பு அரசியலமைப்பு தந்த உரிமையாக இருந்தது. கம்பத்தில் கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது. சட்டம்தான் நகர்ந்தது.

விசாவும் இப்படித்தான். 2025 டிசம்பர் 15 முதல் எச்1பி, எச்4 விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்றாகிவிட்டது. இந்தியாவில் நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. ஸ்டாம்பிங்குக்காக ஊர் போன பலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். எந்தப் பதிவு பாதகம், எது பாதகமில்லை என்கிற பட்டியல் விண்ணப்பதாரர் கையில் இல்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பத்து வருடத்துக்கு முன் போட்ட பதிவுகளை நள்ளிரவில் உட்கார்ந்து அழிப்பது. மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள்தான் அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2. கைக்குழந்தை எதை மறைத்தது? இந்தக் கேள்விக்கு "மடியில் கனமில்லை" கட்சியிடமிருந்து எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

அமெரிக்காவில் குழந்தை பிறந்து ஓரிரு நாளில் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை ஓர் அட்டையில் ஒற்றி எடுக்கிறார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிறவிக் கோளாறுகளைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க உதவும் சோதனை. உயிர் காக்கும் சோதனை. அதை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எடிசனிலோ நியூ பிரன்ஸ்விக்கிலோ பிள்ளை பெற்ற எந்தத் தாயும் அந்த நேரத்தில், மருந்து மயக்கத்தில், "சோதனை முடிந்ததும் இந்த அட்டை எங்கே போகும்?" என்று கேட்டிருக்க மாட்டார். நியூ ஜெர்சியில் அது போன இடம் அரசுக் கிடங்கு. அங்கே 23 ஆண்டுகள் இருந்தது.

2022இல், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் மாநிலப் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் நீதிமன்றம் போனபோதுதான் அடுத்த பகுதி வெளியே வந்தது. 1996இல் நடந்த ஒரு பாலியல் வன்முறை வழக்கில் ஒருவர் மீது போலீசுக்குச் சந்தேகம். அவருடைய டிஎன்ஏவை எடுக்க வேண்டுமென்றால் நீதிபதியிடம் போய்ச் சான்று காட்டி வாரண்ட் வாங்க வேண்டும். மாநில போலீஸ் வேறு வழி கண்டுபிடித்தது. அவருடைய பிள்ளை பிறந்தபோது எடுத்த ரத்த அட்டையைப் பரிசோதனைக் கூடத்துக்குச் சம்மன் அனுப்பி வாங்கிக்கொண்டது. பிள்ளையின் ரத்தத்தை வைத்துத் தகப்பனைப் பிடித்தார்கள்.

"வன்முறை செய்தவன் மாட்டினால் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். நல்லதுதான். நேர் வழியில் போய்ப் பிடித்திருக்கலாம் என்பதுதான் என் வாதம். சான்று இருந்தால் நீதிபதி வாரண்ட் கொடுத்திருப்பார். சான்று போதாது என்றால், போதாத சான்றை வைத்து ஒரு குழந்தையின் மருத்துவச் சோதனைக்குள் நுழைய யார் அனுமதி தந்தது? இன்னொன்றையும் யோசியுங்கள். நாளை இந்த விஷயம் பரவி, பயந்த பெற்றோர் சிலர் சோதனையே வேண்டாம் என்று மறுத்தால், அந்தப் பழி யார் மீது? நோயைக் கண்டுபிடிக்க வைத்த திட்டத்தைப் போலீஸ் அலமாரியாக்கியவர்கள் மீதுதான். இரண்டு ஆண்டு வழக்கு, பத்திரிகைச் சத்தம் எல்லாவற்றுக்கும் பிறகு 2024இல் மாநிலம் இறங்கிவந்து, கோளாறு எதுவும் காட்டாத அட்டைகளை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருக்க மாட்டோம் என்றது. சத்தம் போடாமல் இருந்திருந்தால் 23 ஆண்டு 23 ஆண்டாகவே இருந்திருக்கும்.

டெக்சாஸ் கதை இன்னும் மோசம். 2009இல் பெற்றோர் சிலர், எங்களைக் கேட்காமல் எங்கள் பிள்ளைகளின் ரத்தத்தை எப்படிச் சேமிக்கலாம் என்று வழக்குப் போட்டார்கள். மாநிலம் சமரசத்துக்கு வந்து 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை அழிக்கச் சம்மதித்தது. எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 2010 பிப்ரவரியில் டெக்சாஸ் ட்ரிப்யூன் ஒரு செய்தி போட்டது: சுமார் 800 அட்டைகள் அதற்கு முன்பே ராணுவத்தின் டிஎன்ஏ ஆய்வகத்துக்குப் போய்விட்டிருந்தன, தடயவியல் தரவுத்தளம் ஒன்றைக் கட்டுவதற்கு. வழக்கு நடந்தபோது இதைப் பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், குற்றவாளியைப் பிடிக்கட்டும் என்று போலீசிடம் தன் டிஎன்ஏவைக் கொடுத்தார். பல ஆண்டு கழித்து, ஒரு திருட்டு வழக்கில் அதே டிஎன்ஏவை வைத்து அவர் மீதே குற்றம் சாட்டினார்கள். 2022இல் அன்றைய மாவட்ட அரசு வழக்கறிஞர் செசா பௌடின் இதை வெளியே சொல்லி, வழக்கையும் திரும்பப் பெற்றார். அந்த ஆண்டே கலிஃபோர்னியா இதைத் தடுத்துச் சட்டம் போட்டது. அதே கலிஃபோர்னியா தன் குழந்தைகளின் ரத்த அட்டைகளை 1980களிலிருந்து காலவரையின்றி வைத்திருக்கிறது. அழிக்கச் சொல்லிக் கேட்கப் படிவம் உண்டு. அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால்தானே கேட்பதற்கு.

3. "அவர்கள் தேடுவது நம்மை அல்ல." சொல்லும்போதே இதில் இருக்கும் அசிங்கம் காதில் விழ வேண்டும். வேறு யாரையோ தேடட்டும், நமக்கென்ன என்பதுதான் இதன் முழு வாக்கியம்.

நியூயார்க் போலீஸ் செப்டம்பர் 11க்குப் பிறகு ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் வந்து முஸ்லிம்களை வேவு பார்த்ததை 2011இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டுவந்தது. பள்ளிவாசல்கள், சாப்பாட்டுக் கடைகள், பள்ளிக்கூடங்கள், ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர் சங்கம் வரை. "கவனத்துக்குரிய வம்சாவளிகள்" என்று 28 தேசியங்களைப் பட்டியல் போட்டிருந்தார்கள். 2009இல் நியூ பிரன்ஸ்விக்கில் ஓர் அடுக்ககத்தின் பராமரிப்பாளர், ஒரு வீட்டுக்குள் கண்காணிப்புப் படங்களையும் கம்ப்யூட்டர்களையும் பார்த்துப் பதறி, இது பயங்கரவாதிகளின் கூடாரம் என்று 911ஐக் கூப்பிட்டார். உள்ளூர் போலீசும் எஃப்பிஐயும் வந்து பார்த்தால், அது நியூயார்க் போலீசின் ரகசிய வீடு. சிரிக்கலாம், ஆனால் உள்ளூர் போலீசுக்கே தெரியாத போலீஸ் என்பது சிரித்து மறக்கும் விஷயமல்ல.

காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வந்தவர்கள் நம்மோடுதான் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். "நாம்" என்று சொல்லும்போது அவர்கள் அதில் சேர்த்தியா இல்லையா? சேர்த்தி என்றால், நம்மைத் தேடினார்கள். இந்த வேவுக்கு எதிராக 2012இல் தொடுத்த ஹசன் வழக்கு முதலில் தள்ளுபடியாகி, 2015இல் மேல்முறையீட்டில் உயிர்த்து, 2018இல் சமரசத்தில் முடிந்தது. 2015 தீர்ப்பில் மேல்முறையீட்டு நீதிபதிகள் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு நடந்ததை நினைவுபடுத்தினார்கள்.

நமக்கு நினைவுபடுத்த ஜப்பானியர்வரை போக வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தெருவில் இறங்கிய கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழர் வீடு என்று அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கொளுத்தினார்கள். வாக்காளர் பட்டியலைவிடச் சாதுவான ஓர் அரசு ஆவணம் உண்டா? அதில் பெயர் கொடுத்தவர்களுக்கு மடியில் கனம் இருந்ததா? அந்தத் தீயிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் இன்று நியூ ஜெர்சியில் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். பட்டியல் போட்டால் போடட்டும் என்பதை அவர்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள்.

4. "நீதிமன்றம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது." இருக்கிறது. யாருக்காக என்று படித்துப் பார்த்தீர்களா?

வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தில் 2008இல் வந்த 702ஆம் பிரிவின்படி, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் அமெரிக்கர் அல்லாதவர்களின் மின்னஞ்சலையும் அழைப்பையும் தனித்தனி வாரண்ட் இல்லாமல் எடுக்கலாம். நீதிமன்றம் ஆண்டுக்கு ஒருமுறை நடைமுறைகளுக்கு ஒப்புதல் தரும். இன்னார் என்று ஒவ்வொரு ஆளுக்கும் அல்ல. தஞ்சாவூரில் இருக்கும் உங்கள் அம்மாவை அமெரிக்க உளவுத்துறை தேடுகிறது என்று சொல்ல வரவில்லை. தேடினால் தடுக்க அவருக்கு எந்தச் சட்டமும் இல்லை என்கிறேன். அவரோடு நீங்கள் பேசியதும் கூடவே வலையில் வரும்.

உங்கள் நிலைமை என்ன? இந்தச் சட்டத்தின் கணக்கில் "அமெரிக்கர்" என்றால் குடிமகன் அல்லது கிரீன் கார்டு பெற்றவர். எச்1பியில் பதினைந்து வருடம் இருந்து, வீடு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தாலும் நீங்கள் அந்தக் கணக்கில் இல்லை. நாட்டுக்குள் இருக்கும்வரை உங்களை இலக்காக்க முடியாது. தங்கை கல்யாணத்துக்குச் சென்னையில் இறங்கிய நிமிடம் அந்தக் காப்பும் போய்விடும். 2024 ஏப்ரலில் சட்டத்தைப் புதுப்பித்தபோது இன்னொரு கதவையும் திறந்தார்கள்: அமெரிக்கா வர விண்ணப்பிக்கும் வெளிநாட்டவர்களைச் சலிக்கவும் இந்தத் தரவைப் பயன்படுத்தலாம். பேரக்குழந்தையைப் பார்க்க வரும் மாமியார்களும் அதில் அடக்கம்.

நீதிமன்றம் எவ்வளவு பிடித்துவைத்தது என்பதற்கு அந்த நீதிமன்றமே சாட்சி. 2023 மே மாதம் வெளியான அதன் ஓர் உத்தரவு, எஃப்பிஐ இந்தத் தரவுக் கிடங்கில் 2,78,000 முறைக்கு மேல் விதிமீறித் தேடியதைச் சொன்னது. தேடப்பட்டவர்களில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் உண்டு, 2021 ஜனவரி 6 கலவரச் சந்தேக நபர்கள் உண்டு, ஒரு காங்கிரஸ் வேட்பாளருக்கு நன்கொடை தந்த 19,000 பேர் உண்டு. இடது, வலது என்று கட்சி வேறுபாடு பார்க்கவில்லை. அந்த மட்டில் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். கணினிதான் சலிக்கிறது என்கிறவர்கள் கவனிக்க: இந்தத் தேடல்களைத் தொடங்கிவைத்தது மனித விரல்கள்.

5. மறைக்க ஒன்றும் இல்லையென்றால் பயமெதற்கு என்று அரசிடம் கேளுங்களேன். அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது.

சான் ஃபிரான்சிஸ்கோ, 611 ஃபோல்சம் தெரு, ஏடி&டி கட்டடம், 641ஏ எண்ணுள்ள அறை. அங்கே தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர் மார்க் கிளெய்ன். இணையப் போக்குவரத்தைச் சுமக்கும் கண்ணாடி இழையை இரண்டாகப் பிரித்து, ஒரு நகல் தேசியப் பாதுகாப்பு முகமையின் அந்த அறைக்குப் போவதைக் கண்டார். 2006இல் ஆவணங்களோடு வெளியே சொன்னார். வழக்கு வந்தது. 2008இல் காங்கிரஸ் தொலைபேசி நிறுவனங்களுக்கு முன்தேதியிட்டு மன்னிப்பு வழங்கிச் சட்டம் போட்டது, வழக்கு போனது. அரசின் மீது நேரடியாகத் தொடுத்த ஜூவல் வழக்கு 14 ஆண்டு இழுத்து, "அரசு ரகசியம்" என்ற ஒரு வாதத்தில் சிக்கி, 2022இல் உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்ததோடு முடிந்தது. நடந்தது சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கடைசிவரை தீர்ப்புச் சொல்லவில்லை.

2013 பிப்ரவரியில் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சொன்னதன் சாரம் இது: உங்களைக் கண்காணித்தார்கள் என்று நிரூபித்தால்தான் வழக்குப் போடலாம். கண்காணித்தார்களா என்பது ரகசியம். ஆகவே நிரூபிக்க முடியாது. ஆகவே வழக்குப் போட முடியாது. அடுத்த மாதமே செனட்டில் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது தகவல் சேகரிக்கிறீர்களா என்று நேராகக் கேட்டார். உளவுத் துறைத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர் இல்லை என்றார். ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட தேசியப் பாதுகாப்பு முகமை ஆவணங்கள் வந்தபோது, நாட்டின் தொலைபேசி அழைப்புப் பதிவுகளை மொத்தமாக அள்ளியது தெரிந்தது. கிளாப்பர் மீது வழக்கு எதுவும் வரவில்லை. விசா படிவத்தில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினால் நமக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

6. சரி, பலனாவது உண்டா? சுருக்கமாகச் சொல்கிறேன். அழைப்புப் பதிவுத் திட்டம் எந்தப் பயங்கரவாத விசாரணையின் முடிவையும் மாற்றியதாக ஓர் உதாரணம்கூட இல்லை என்று 2014 ஜனவரியில் கூட்டாட்சி அரசின் தனியுரிமைக் கண்காணிப்பு வாரியமே சொன்னது. முஸ்லிம்களை வேவு பார்த்த நியூயார்க் பிரிவு ஆறு ஆண்டில் ஒரு துப்பும் தரவில்லை என்று அதற்கு மேலிருந்த அதிகாரி 2012இல் சத்தியப் பிரமாணத்தில் ஒப்புக்கொண்டார். அதே வாரியம் 702ஆம் பிரிவு உண்மையிலேயே பயன்பட்டிருக்கிறது என்றும் சொன்னது. அதை மறைத்துவிட்டு வாதம் செய்வது நேர்மையல்ல. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். குறிப்பிட்ட இலக்கை வைத்துத் தேடியது பயன்பட்டது. எல்லோரையும் அள்ளியது பயன்படவில்லை.

கூகுள் வாதம் மிச்சமிருக்கிறது. கூகுள் உங்களுக்கு விளம்பரம் காட்டும். விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பாது. மேலும் இரண்டும் தனித்தனிக் கிடங்குகள் என்ற நினைப்பும் பழையது. தரவு வியாபாரிகளிடமிருந்து அமெரிக்கர்களின் தகவல்களை உளவு முகமைகள் காசு கொடுத்து வாங்குவதை அவர்களே 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொள்கிறது. கேட்டால் வாரண்ட் வேண்டும். வாங்கினால் ரசீது போதும்.

அப்படியானால் உளவே வேண்டாமா? வேண்டும். நான் கேட்பது மிகச் சாதாரணமானது: நாட்டுக்குள் இருக்கும் ஒருவர் பெயரைத் தட்டித் தேடுமுன் நீதிபதியிடம் போ, எடுத்ததை எதற்காக எடுத்தாயோ அது முடிந்ததும் அழி, எத்தனை பேரைத் தேடினாய் என்று ஆண்டுதோறும் கணக்குச் சொல். இதில் முதல் கோரிக்கை, அமெரிக்கர்களின் பெயரைத் தேடும்போதாவது வாரண்ட் வேண்டும் என்ற அளவில், 2024 ஏப்ரல் 12 அன்று பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கே வந்தது. ஆதரவு 212, எதிர்ப்பு 212. சமமானால் தோல்வி என்பது சபை விதி. இரண்டு கட்சியிலும் இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயர்வாரியாகச் சபையின் தளத்திலேயே இருக்கிறது. குடியுரிமை வாங்கிய கையோடு வாக்காளராகவும் பதிந்துகொண்ட எடிசன், ஃப்ரீமாண்ட், ஃப்ரிஸ்கோ தமிழர்கள் தங்கள் உறுப்பினரின் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்றிரவே பார்க்கலாம். அதற்கு வாரண்ட் வேண்டாம்.